கையில் அடங்கும் விளையாட்டுப் பெட்டி கச்சேரி மேடை ஏறிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு வீடியோ அனுப்பி, "சார், இதைக் கச்சேரின்னு ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டிருந்தார். இருட்டான மேடை. ஓர் இளைஞர் கையில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதையே பார்த்தபடி இரண்டு கட்டைவிரல்களாலும் பட்டன்களை அழுத்திக்கொண்டிருக்கிறார். எதிரே கூட்டம் குதிக்கிறது. அந்தப் பெட்டியின் பெயர் கேம் பாய். ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1989-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த விளையாட்டுச் சாதனம். இதுபோன்ற பழைய சிப்களில் பிறக்கும் இசைக்கு சிப்டியூன் என்று பெயர். ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது முடியவில்லை.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். 90களில் என்னிடம் படித்தவர்களிடமிருந்து நான் பறிமுதல் செய்து மேசை டிராயரில் போட்டது கேம் பாய் இல்லை. அது பிரிக் கேம். அட்டையில் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். உள்ளே எண்ணினால் பத்து ஆட்டம்கூட உருப்படியாகத் தேறாது. (வருடக் கடைசியில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. கிடைக்கவில்லை என்பவர்கள் நேரில் வரவும்.) அதில் மேலிருந்து கட்டைகள் விழ, அடுக்கிக்கொண்டே போவோமே, அந்த ஆட்டம் டெட்ரிஸ். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கேம் பாய் வாங்கியவர்களுக்கு டெட்ரிஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி எவ்வளவு நெருக்கம் என்பதை உங்கள் பிரிக் கேமை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய். புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதவர். பழகி, விலை குறைந்து, குறைகளெல்லாம் தெரிந்துபோன உதிரிபாகங்களை எடுத்து யாரும் யோசிக்காத வேலைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற சிறிய விளையாட்டுச் சாதனத்தை யோசித்தார் என்று சொல்வார்கள். கேம் பாயிலும் அதே சிக்கனம். வண்ணம் கிடையாது, நான்கு சாயல்கள் மட்டும். திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. செயலியின் வேகம் 4.19 மெகாஹெர்ட்ஸ், வேலைக்கான நினைவகம் 8 கிலோபைட். போட்டியாக வந்த அட்டாரி லிங்க்ஸும் சேகா கேம் கியரும் வண்ணத் திரையோடு வந்தன; ஆறு பேட்டரி போட்டாலும் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. கேம் பாய்க்கு நான்கு பென்டார்ச் பேட்டரி போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பின்னால் வந்த வண்ண மாடலையும் சேர்த்து சுமார் 11 கோடியே 87 லட்சம் விற்றது.

இந்தச் சிக்கனம்தான் அதன் இசைக்கும் காரணம். ஒலிப் பகுதியின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு ஹிரோகாஸு தனாக்கா என்பவருடையது. 1957-இல் பிறந்தவர், 1980-இல் நின்டென்டோவில் பொறியாளராகச் சேர்ந்தவர். கேம் பாய் டெட்ரிஸுக்கு இசை அமைத்தவரும் அவரே. அந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் மெட்டு கொரோபெய்னிகி என்ற பழைய ரஷ்யப் பாட்டு. இன்னொரு மெட்டு பாக் எழுதியது. இந்த இரண்டையும் நான்கே குரல்களில் பாட வைத்தார்.

நான்கே குரல்கள் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணக்கு வாத்தியார் இதை விட மாட்டார் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் இரண்டு குரல்கள் சதுர அலைகள். கிராஃப் தாளில் வரைந்தால் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும்: மேலே, கீழே, மேலே, கீழே. ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்க வேண்டும் என்பதற்கு நான்கு தேர்வுகள்: 12.5 சதவீதம், 25, 50, 75. பாதிக்குப் பாதி என்றால் உருண்டையான, கொஞ்சம் புல்லாங்குழல் சாயல் உள்ள ஒலி. 12.5 என்றால் மூக்கால் பேசுவதுபோல் மெலிந்த ஒலி. மூன்றாவது குரலில் அலையின் வடிவத்தை நாமே வரையலாம். 32 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 15 வரை ஓர் உயரம். நான்காவது வெறும் இரைச்சல், ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது கேட்போமே, அது. அதைத் துண்டு துண்டாக நறுக்கினால் தாளக் கருவி ஆகிவிடும்.

சுருதி எப்படி வருகிறது தெரியுமா? சதுர அலைக்கு 1,31,072-ஐ ஒரு முழு எண்ணால் வகுக்க வேண்டும். வகுக்கும் எண் 1 முதல் 2048 வரை இருக்கலாம். 298-ஆல் வகுத்தால் 439.8 ஹெர்ட்ஸ், மேற்கத்திய இசைக்காரர்கள் சுருதி சேர்க்கும் 440-க்கு வெகு அருகில். ஆனால் மேலே போகப் போக வகுக்கும் எண் சிறிதாகிவிடும். 2093 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 63-ஆல் வகுத்தால் 2080.5, 62-ஆல் வகுத்தால் 2114. நடுவில் எதுவும் இல்லை. அதனால் உச்ச ஸ்வரங்கள் லேசாகப் பிசகித்தான் ஒலிக்கும். கீழ்ப்பக்கம் 2048-ஆல் வகுத்தால் 64 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே சதுர அலை இறங்காது. நாமே வரையும் மூன்றாவது குரல் மட்டும் அதில் பாதி, அதாவது 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கூட்டம் குதிக்கக் காரணமான அந்த அடிவயிற்று ஒலி பெரும்பாலும் அந்தக் குரலிலிருந்துதான் வருகிறது.

மேற்கத்திய இசைக்கு ஒரே சமயத்தில் மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும். இருப்பதே நான்கு குரல்; அதில் ஒன்று இரைச்சல். ஆகவே மூன்று ஸ்வரங்களையும் ஒரே குரலில், ஒன்றன்பின் ஒன்றாக, வினாடிக்குப் பலமுறை மாற்றி மாற்றி ஒலிக்க விடுவார்கள். காது அதைச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளும். பழைய வீடியோ விளையாட்டு இசையில் கேட்கும் அந்த 'குளுகுளு' நடுக்கம் இதுதான். கேம் பாய்க்கு முன்பே கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளில் ஐரோப்பிய இளைஞர்கள் இதில் கைதேர்ந்திருந்தார்கள். 1982-இல் வந்த கமடோர் 64-க்கு மூன்றே குரல்.

இதுவரை சொன்னதெல்லாம் தொழிற்சாலையின் கதை. இவ்வளவும் இருந்தும் கேம் பாய் இசைக் கருவியாகிவிடவில்லை. உள்ளே என்ன ஒலிக்க வேண்டும் என்பதை நின்டென்டோவும் அதனிடம் அனுமதி பெற்ற நிறுவனங்களும்தான் தீர்மானித்தன. வாங்கியவர் விளையாடலாம், கேட்கலாம். ஒரு ஸ்வரம்கூடச் சொந்தமாக வாசிக்க முடியாது. 1998-இல் கேம் பாய்க்கு வந்த கேமரா கேட்ரிட்ஜில் 'டிரிப்பி எச்' என்று ஒரு குட்டி இசைப் பகுதி இருந்தது உண்மைதான். அது ஓர் அழகான விளையாட்டு. அதை வைத்துக்கொண்டு மேடை ஏற முடியாது.

பூட்டைத் திறந்தவர்கள் வெளியாட்கள்.

ஒருவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆலிவர் விட்சோவ். அவர் எழுதிய நானோலூப் என்ற நிரல் 1998-இல் கொலோன் நகரில் ஒரு கிளப்பில் முதன்முதலாகப் பார்வையாளர் முன் ஒலித்தது. திரையில் பதினாறு சிறு சதுரங்கள். எந்தச் சதுரத்தில் புள்ளி வைக்கிறோமோ அந்த இடத்தில் ஒலி. பதினாறும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம் என்பதுதான் விசேஷம். வெற்றுத் திரையோடு மேடை ஏறி, கேட்பவர்கள் எதிரிலேயே ஒவ்வொரு புள்ளியாக வைத்து ஒரு பாட்டைக் கட்டிவிடலாம்.

இன்னொருவர் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹன் கோட்லின்ஸ்கி. அவருடைய 'லிட்டில் சவுண்ட் டிஜே' 2000-இல் வந்தது. இது வேறு மனப்போக்கு: முழுக்க முழுக்க எண்கள். நான்கு குரலுக்கு நான்கு பத்திகள். பதினாறு வரி கொண்ட சிறு சொற்றொடர்கள். அவற்றைக் கோத்துச் சங்கிலி. சங்கிலிகளை அடுக்கிப் பாட்டு. எல்லா எண்ணும் பதினாறடிமானம், அதாவது 9-க்கு அடுத்து ஏ, பி என்று எஃப் வரை போய், பிறகுதான் 10. அந்த 10-க்கு மதிப்பு பதினாறு. 1எஃப் என்றால் முப்பத்தொன்று. எட்டாம் வகுப்பில் இரண்டடிமானம் நடத்தியபோது "இது எதுக்கு சார் உதவும்?" என்று கேட்ட கடைசி பெஞ்சுக்காரர்களே, பாருங்கள், இதை வைத்து ஆயிரம் பேரை ஆட வைக்கிறார்கள்.

பதினாறு வரி என்றதும் நம்மில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு ஆதி தாளம் நினைவுக்கு வரும். எட்டு அட்சரத்தை இரண்டிரண்டாகப் பிரித்தால் பதினாறு. ஆனால் கோட்லின்ஸ்கியின் நிரலில் பாதி வழியிலேயே அடுத்த சொற்றொடருக்குத் தாவச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. பதினான்காவது வரியோடு வெட்டினால் ஏழேழாக மிஸ்ரம் கிடைக்கும். அப்படிச் செய்பவர்கள் குறைவுதான். நடன மேடையில் பெரும்பாலும் நான்கு நான்காகத்தான் ஓடுகிறது. இது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மேடையில் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். ஒன்று அல்லது இரண்டு கேம் பாய்கள் ஒரு மிக்ஸரில் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டு என்றால், முன்பு இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து டெட்ரிஸ் போட்டி போட உதவிய அதே கேபிளால் இணைப்பார்கள். ஒரு பெட்டி காலப்பிரமாணம் கொடுக்க, மற்றது அதைப் பின்பற்றும். கோட்லின்ஸ்கியின் நிரலில் மேடைக்கென்றே ஒரு முறை இருக்கிறது. அதில் பாட்டு தானாக மேலிருந்து கீழே ஓடாது. எந்தக் குரலில் எந்தச் சங்கிலி அடுத்து வர வேண்டும் என்று வாசிப்பவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும். இரைச்சல் குரலை நிறுத்தலாம், அடிக் குரலை மட்டும் விட்டுக் கூட்டத்தைக் காக்க வைக்கலாம், பிறகு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்துவிடலாம். தப்பான கட்டத்தில் விரல் பட்டால் அரங்கமே கேட்கும்.

பெட்டியிலும் கைவைக்க வேண்டியிருந்தது. ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஒலியில் ஒரு ரீங்காரம் கலந்திருக்கும், அடிக் குரலும் மெலிந்துவிடும். அதனால் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பெருக்கியைத் தாண்டி, ஒலியளவுச் சக்கரத்தின் பக்கத்திலிருந்தே கம்பி எடுத்துச் சால்டர் வைத்துத் தனித் துளை போட்டார்கள். இருட்டு மேடையில் திரை தெரியாது என்பதால் பின்னால் விளக்குப் பொருத்தினார்கள். பின்னால் வந்த மெல்லிய மாடல்களை விட்டுவிட்டு 1989-இன் கனத்த பெட்டியையே பலரும் தேடிப் போகக் காரணம் அதன் அடிக் குரலின் கனம். வீணைக்குக் குடம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது புரியும்.

இந்த இடத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. 2003 நவம்பரில் வயர்ட் பத்திரிகையில் மால்கம் மெக்லாரன் ஒரு கட்டுரை எழுதினார். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை நடத்தியவர் என்பதால் பெரிய பெயர். இந்த இசைதான் அடுத்த பங்க் என்று அவர் முழங்கியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. சிப்டியூன்காரர்களுக்கு மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. 2004-இல் அவர்களிடமிருந்து மெக்லாரனுக்கு ஒரு திறந்த மடல் போனது. வருடக்கணக்காகப் பல ஊர்களில் பலர் சேர்ந்து வளர்த்ததைத் தான் கண்டுபிடித்ததுபோல் ஒருவர் பேசுவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நான் அவர்கள் பக்கம். மெக்லாரன் கட்டுரையால் கூட்டம் சேர்ந்தது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் வரலாறு எழுதும்போது, கொட்டகைக்குள் கடைசியில் வந்து கைதட்டியவர் பெயரை முதலில் போடுவது எந்தக் கலையிலும் நடக்கிற அநியாயம். விட்சோவ், கோட்லின்ஸ்கி என்ற இரண்டு பெயரையும் நான் இங்கே முழுதாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் இதற்கு மேடை போட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானது எய்ட்பிட்பீப்பிள்ஸ் என்ற கூட்டம். 1999-இல் தொடங்கியது, இசையை இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டது. நல்ஸ்லீப், பிட் ஷிஃப்டர் என்ற புனைபெயர்களில் வாசித்த இருவரும் கேம் பாயோடு ஊர் ஊராகப் போனவர்கள். பயணப்பெட்டியில் வாத்தியம் போக இடம் மிச்சம் இருந்திருக்கும்! 2006 நவம்பர் கடைசியில் நியூயார்க்கில் பிளிப் விழா தொடங்கியது. எய்ட்பிட்பீப்பிள்ஸும் தி டேங்க் என்ற சிறிய கலை அரங்கமும் சேர்ந்து நடத்திய நான்கு நாள் விழா. பல நாட்டிலிருந்து வந்தவர்கள், இணையத்தில் பெயரை மட்டும் அறிந்தவர்கள், அங்கேதான் ஒருவரையொருவர் நேரில் பார்த்தார்கள். அதைப் பற்றி 'ரீஃபார்மேட் த பிளானட்' என்ற ஆவணப்படம் 2008-இல் வந்தது. நியூயார்க் விழா 2012 வரை நடந்தது. டோக்கியோ, மெல்போர்ன், டென்மார்க்கின் ஆல்போர்க் என்று வெளியேயும் போனது. வட அயர்லாந்தின் சிப்ஸெல் என்ற பெண் கலைஞர் இதே கேம் பாய் நிரலில் உருவாக்கிய இசை 2012-இல் 'சூப்பர் ஹெக்ஸகன்' என்ற விளையாட்டில் சேர்ந்தது. விளையாட்டிலிருந்து வெளியே வந்த ஒலி விளையாட்டுக்கே திரும்பிப் போனது.

சரி, என் மாணவரின் கேள்வி. கச்சேரிதான் என்பது என் பதில், ஒரு நிபந்தனையோடு. பிளே பட்டனை அழுத்திவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பவர்களும் இந்த மேடைகளில் இருக்கிறார்கள். அதை வாசிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சங்கிலிகளை வீட்டில் எழுதிக்கொண்டு வந்து, எதை எப்போது விடுவது, எதை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்று கூட்டத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே முடிவு செய்கிறவர் வாசிக்கிறார். நம் கச்சேரியிலும் கீர்த்தனை ஏற்கெனவே எழுதப்பட்டதுதான். நிரவலை எங்கே எடுப்பது, எப்போது தனி விடுவது என்பது அன்றைக்கு மேடையில் தீர்மானமாவது. தண்ணீர்ப் பானை கடமாகிப் பக்கவாத்திய வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, விளையாட்டுப் பெட்டி வாத்தியம் ஆவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. பழைய கேட்ரிட்ஜ்களில் பாட்டைச் சேமிக்கும் நினைவகம் சின்ன பட்டன் செல்லை நம்பி இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடத்தில் செல் தீர்ந்துவிடும். தீர்ந்தால் உள்ளே இருந்த பாட்டும் போயிற்று. கோட்லின்ஸ்கியின் நிரலில் ஒருவரின் சேமிப்பு முழுவதும் 128 கிலோபைட்தான். நீங்கள் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப் பூ படம் அதைவிடப் பெரிது. கணினிக்கு நகல் எடுக்கும் கருவிகள் உண்டு. கவனமானவர்கள் எடுத்து வைக்கிறார்கள். எடுத்து வைக்காதவர்களின் பாட்டுகள் யாரும் கேட்காமல் இந்த நிமிடம்கூட அழிந்துகொண்டிருக்கலாம். பெட்டிகளும் வயதாகின்றன. பழைய திரைகளில் கோடு கோடாகப் புள்ளிகள் செத்துப்போகின்றன. கோடிக்கணக்கில் விற்ற சாதனம் என்றாலும் இனி ஒன்றுகூடப் புதிதாக வராது. 2021 கடைசியில் வந்த அனலாக் பாக்கெட் போன்ற புதிய கருவிகள் பழைய சிப்பின் நடத்தையை அப்படியே திரும்பச் செய்கின்றன. அதில் விட்சோவின் நானோலூப்பையே உள்ளே வைத்துக் கொடுத்தார்கள். பழைய பெட்டிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். சுருதிப் பெட்டி வந்தபோது தம்பூராக்காரர்கள் ஒத்துக்கொண்டார்களா?

யோகோய் இது எதையும் பார்க்கவில்லை. 1996-இல் நின்டென்டோவை விட்டு விலகினார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்துபோனார். நானோலூப் மேடை ஏறியது மறு வருடம்.

தனாக்கா பார்த்தார். போகிமான் கார்ட்டூனின் முதல் ஜப்பானியத் தலைப்புப் பாட்டுக்கு மெட்டுப் போட்டு, பிறகு ஒரு நிறுவனத்தின் தலைவராகி, ஓய்வைப் பற்றி யோசிக்க வேண்டிய வயதில், சிப் தனாக்கா என்ற பெயரோடு தானே மேடை ஏறினார். அவர் பங்கெடுத்து வடிவமைத்த ஒலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உருவாக்கிய மேடைகள் அவை. 2017-இல் 'ஜாங்கோ' என்ற ஆல்பமும் வெளியிட்டார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 60 வயது.

கேட்டுப் பார்க்க விரும்புபவர்கள் பிட் ஷிஃப்டரிலிருந்து தொடங்குங்கள், பிறகு சிப்ஸெல், பிறகு தனாக்கா. தயவுசெய்து ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். போனின் ஸ்பீக்கரில் அந்த 32 ஹெர்ட்ஸ் காதுக்கே வராது.